மனநலப் பராமரிப்பு இல்லத்தை மூடும்போது: டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பகுதி நிர்வாகக் குழுக்களுக்கு

இல்லத்தை மூடுவதென்று முடிவானதும் பெரும்பாலான குழுக்கள் முதலில் காலண்டரைத்தான் எடுக்கின்றன. கட்டட ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, மானியம் ஜூனோடு நிற்கிறது, ஆகவே ஜூன் 30 கடைசி நாள் என்று எழுதிவிட்டு, அந்தத் தேதிக்குள் ஆட்களை எங்கே அனுப்பலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. கடைசி ஆள் பாதுகாப்பான ஓர் இடத்தில் போய் நிலைத்த பிறகு வரும் நாள்தான் மூடும் நாள். அதுவரை வாடகைக்கும் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் குழு முதல் கூட்டத்தில் பேச வேண்டும்.

தேதியை முதலில் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கா பார்த்துவிட்டது. 2015 அக்டோபரில் கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறை, மனநோயாளிகளை நீண்ட காலம் பராமரித்துவந்த லைஃப் எசிடிமேனி என்ற தனியார் நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2016 மார்ச் இறுதி என்று வைத்த தேதியை ஜூன் இறுதிவரை மட்டும் நீட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சில வாரங்களில் 27 தொண்டு நிறுவனங்களுக்கும் சில மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோனார்கள். அந்த 27 நிறுவனங்களில் ஒன்றுக்குக்கூடச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று 2017 பிப்ரவரியில் சுகாதார ஒம்பட் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) பேராசிரியர் மலெகாபுரு மக்கோபா அறிக்கை கொடுத்தார். 2018 மார்ச்சில் நீதியரசர் டிக்காங் மொசெனெக்கே நடுவர் தீர்ப்பு வழங்கியபோது இறந்தவர் கணக்கு 144. எசிடிமேனியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 320 ரேண்ட் செலவானது. புதிய இடங்களுக்கு 112 ரேண்ட் ஒதுக்கினார்கள், அதுவும் மாதக்கணக்கில் வந்துசேரவில்லை. ஃபைல் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், சிலர் திறந்த பக்கியில் (சிறு சரக்கு வண்டி) ஏற்றி அனுப்பப்பட்டார்கள். இனி வரும் பல படிகளுக்குப் பின்னால் அங்கே நடந்த ஒரு தவறு இருக்கிறது.

எவ்வளவு காலம் வேண்டும்

24 பேர் இருக்கும் இல்லத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறைவாகத் திட்டம் போடாதீர்கள். முதல் மூன்று மாதம் கணக்கெடுப்புக்கும் இடம் தேடுவதற்கும் காகிதங்களுக்கும் போய்விடும். பிறகு வாரத்துக்கு மூன்று பேருக்கு மேல் மாற்றக் கூடாது என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரம். கடைசி ஆள் போன பிறகு ஒரு மாதமாவது ஒரு சிஸ்டரும் (நர்ஸ்) ஒரு சமூகப் பணியாளரும் சம்பளத்தில் இருக்க வேண்டும். போனவர்களைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை யாரையும் மாற்ற வேண்டாம். மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் விடுப்பில் இருப்பார்கள், புதிய இல்லத்தில் பாதி ஊழியர் இருக்கமாட்டார்கள். ஜூன், ஜூலைக் குளிரில், குறிப்பாக ஹோவிக், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கம் அனுப்புவதானால், ஆளுக்கு இரண்டு கம்பளியும் சூடான உடுப்பும் கையோடு போகட்டும். அங்கே கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் விடாதீர்கள்.

முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் (2002ஆம் ஆண்டின் 17ஆம் எண்) கீழ் வந்த விதிகளின்படி, அரசு நடத்தாத, ஐந்து பேரோ அதற்கு மேலோ தங்கும் இல்லத்துக்கு மாகாண சுகாதாரத் துறையின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கொடுத்தவர்களுக்கே முதல் கடிதம் போக வேண்டும். அதன் நகல் மாகாண மனநல மறுஆய்வு வாரியத்துக்கும், உங்கள் ஆட்கள் மருந்து வாங்கும் மருத்துவமனைக்கும் (சாட்ஸ்வர்த் என்றால் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸ் என்றால் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை) போகட்டும். கடிதத்தில் பெயர்ப் பட்டியல் வேண்டாம். எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் சொந்த விருப்பத்தில் இருப்பவர்கள், எத்தனை பேர் துணைபெற்றோ (தானே முடிவெடுக்க இயலாமல், ஆனால் மறுக்காமல்) விருப்பமின்றியோ பராமரிக்கப்படுபவர்கள், எத்தனை பேருக்குச் சக்கர நாற்காலி, வலிப்பு, சர்க்கரை நோய் என்ற எண்ணிக்கை போதும். துறை இடம் தேடித் தருமா தராதா என்பதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த படுக்கை, போய் நிற்கும்போது இருக்காது.

குடும்பங்களுக்கும் இல்லத்தில் இருப்பவர்களுக்கும் ஒரே வாரத்தில் சொல்ல வேண்டும். சமையலறையில் பேசுவதை ஒட்டுக்கேட்டு ஒருவர் தெரிந்துகொண்டால் அன்றிரவு முழு வார்டும் தூங்காது. சுற்றுலா போகிறோம் என்று பொய் சொல்லி வேனில் ஏற்றுவது சில இடங்களில் வழக்கம். புதிய இடத்தில் முதல் வாரமே அடிதடியும் தப்பியோட்டமும் வருவதற்கு அதுவே பாதிக் காரணம்.

ஆளுக்கு ஒரு ஃபைல்

ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் போட்டு, பின்வரும் நான்கும் முழுமையாகாதவரை அவரை மாற்றும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

முதலாவது சட்ட நிலை. சொந்த விருப்பத்தில் இருப்பவர் எங்கே போவது என்பதில் அவர் சொல்தான் முடிவு. மற்றவர்களுக்கு அவர்களை உங்களிடம் அனுப்பிய மருத்துவமனையின் காகிதங்களை நகலெடுங்கள். மாற்றத்தை அந்த மருத்துவமனையின் தலைவரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் துணைபெற்ற நிலையில் வந்தவர் இன்று தானே முடிவெடுக்கும் அளவுக்குத் தேறியிருக்கலாம். அவரைப் புதிதாக மதிப்பிடச் சொல்லுங்கள். நீதிமன்றம் வழியாக வந்த அரசு நோயாளி ஒருவர் உங்களிடம் விடுப்பில் இருந்தால், அவரை விடுவிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு மட்டுமே. ஃபோர்ட் நேப்பியர் போன்ற அவருடைய மருத்துவமனைக்குத் தெரியாமல் அவரை நகர்த்தாதீர்கள். யாரை வெளியே அனுப்பினாலும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் எம்.எச்.சி.ஏ. 03 படிவத்தில் விடுவிப்பு அறிக்கை யார் தரவேண்டும் என்பதையும் அந்த மருத்துவமனையிடமே கேட்டு முடித்துவிடுங்கள்.

இரண்டாவது அடையாள அட்டை. நீண்ட காலம் இல்லத்தில் இருந்தவர்களில் சிலருக்கு அட்டையே இருக்காது, இருந்தாலும் பழைய பச்சைப் புத்தகம். உள்துறை அலுவலகத்தில் கைரேகை கொடுத்து அட்டை வாங்க நாளாகும் என்பதால் இதை முதல் வாரமே தொடங்குங்கள். அட்டை இல்லாதவருக்குக் கிராண்ட் (அரசின் மாத உதவித்தொகை) வாங்குவது கடினம். கிராண்ட் இல்லாதவரைப் புதிய இல்லம் ஏற்காது.

மூன்றாவது பணம். சாசா (கிராண்ட் கொடுக்கும் அரசு முகமை) அட்டை, வங்கி அட்டை, ரகசிய எண், இல்லம் அவர் பேரில் வைத்திருக்கும் கைச்செலவுப் பணம் ஆகியவற்றை ஆளுக்கு ஒரு பக்கக் கணக்கில் எழுதி, இருவர் கையெழுத்திட்டு மூடுங்கள். யாருடைய கிராண்டையாவது இல்லத்து ஊழியர் பதிலாளாக நின்று வாங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பதிவை ரத்துசெய்யச் சாசாவுக்கு ஆள் போகும் முன்பே எழுதுங்கள், பின்பு அல்ல. அரசு ஒப்பந்தத்தில் நடக்கும் நிறுவனத்தில் இருப்பவருக்கு நான்காவது மாதத்திலிருந்து கிராண்ட் 25 சதவீதமாகக் குறையும். வெளியே வந்த நாளிலிருந்து முழுத் தொகைக்கு உரிமை உண்டு. வீட்டுக்குப் போகிறவருக்கு விடுவிப்புக் கடிதத்தின் நகலைக் கையில் கொடுத்தனுப்பாவிட்டால் மாதக்கணக்கில் கால் பங்குப் பணம்தான் வரும். சொத்தோ வீடோ உள்ளவருக்கு உயர் நீதிமன்ற மாஸ்டர் (சொத்து நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரி) நியமித்த நிர்வாகி இருந்தால் அவருக்கும் கடிதம் போக வேண்டும்.

நான்காவது மருந்து. இதில்தான் உயிர் போகும். சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்தில் எங்கே தவறு நடக்கிறது

ஆர்.கே. கானில் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கே ஃபைல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆளை மாற்றுவதற்கு முன்பே புதிய பகுதியின் மருத்துவமனையில் ஃபைல் திறந்து, முதல் மனநல மருத்துவர் சந்திப்புக்குத் தேதி வாங்கி, அந்தத் தேதியை ஃபைலின் மேலட்டையில் எழுதுங்கள். கையில் குறைந்தது 28 நாள் மருந்து போகட்டும். சந்திப்பு 40 நாள் கழித்துத்தான் என்றால் 28 போதாது.

க்ளோசபின் (கடுமையான மனநோய்க்கான மருந்து) சாப்பிடுபவர்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். தொடங்கிய முதல் 18 வாரம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாற்றி, மருந்துப் பை வேனிலேயே தங்கிப்போய், திங்கட்கிழமை 400 மில்லிகிராம் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுவார். வெள்ளிக்கிழமை யாரையும் மாற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று சிகரெட். புகை க்ளோசபினை உடலில் வேகமாக உடைக்கும். உங்கள் முற்றத்தில் ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடித்தவர், புகைக்கத் தடை உள்ள இல்லத்துக்குப் போனால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்: எச்சில் வடியும், எந்நேரமும் தூங்குவார், மலம் கட்டும், வலிப்பும் வரலாம். தினம் எத்தனை சிகரெட் என்பதை மருந்துத் தாளிலேயே எழுதி, மருத்துவரிடம் முன்கூட்டியே அளவைப் பற்றிக் கேளுங்கள். க்ளோசபினில் மலச்சிக்கல் சாதாரண விஷயமல்ல. குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு. கடைசியாக எப்போது மலம் போனது என்று ஒப்படைப்புத் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

மனநிலையைச் சீராக்கும் லித்தியம் சாப்பிடுபவருக்கு டர்பன் கோடைதான் எதிரி. வேனில் மூன்று மணி நேரம் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து, தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் கொடுத்துவிட்டால் லித்தியம் நஞ்சாக மாறலாம். கை நடுங்குவதும் நாக்குக் குழறுவதும் முதல் அறிகுறிகள். வலிப்புக்கு வால்ப்ரோயேட், கார்பமசெபின், ஃபெனிட்டாயின் எடுப்பவருக்கு ஒரு வேளையும் தவறக் கூடாது. திடீரென்று நின்றால் வலிப்பு விடாமல் தொடரலாம். மாதம் ஒருமுறை ஊசி போடுகிறவருக்குக் கடைசி ஊசி என்றைக்கு, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், அடுத்தது என்றைக்கு என்பதை ஓர் அட்டையில் எழுதுங்கள். சட்டைப் பையிலும் ஒன்று, ஃபைலிலும் ஒன்று.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களை மறந்துவிடாதீர்கள். பழைய மனநோய் மருந்துகள் தொண்டைத் தசையை இறுக்கும். உங்கள் சமையல்காரருக்குத் தெரியும், இன்னாருக்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்க வேண்டும், இன்னாருக்கு ரொட்டி கொடுத்தால் மூச்சடைக்கும் என்று. அது எங்கும் எழுதியிருக்காது. சமையல்காரரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஒவ்வொரு பேராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்படைப்புத் தாளிலேயே இதுதான் மிகப் பயனுள்ள பகுதி.

புதிய இடத்தை எப்படிப் பார்ப்பது

முன்னறிவிப்பில்லாமல் ஒருமுறை, அதுவும் மாலை ஆறு மணிக்குப் பிறகு போங்கள். லைசென்ஸைக் கையில் வாங்கி முகவரி, காலாவதித் தேதி, எத்தனை பேருக்கு என்பதைப் படியுங்கள். பிறகு படுக்கைகளை நீங்களே எண்ணுங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், மருந்து அலமாரிச் சாவி யாரிடம், குளிர்பெட்டியில் இன்சுலின் வைக்க இடமுண்டா, மின்தடையில் என்ன செய்வார்கள், கழிப்பறைக் கதவு உள்ளே பூட்டினால் வெளியிலிருந்து திறக்க முடியுமா என்று பாருங்கள். அன்றைய இரவுச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். அரசு மானியத்தை மட்டுமே நம்பும் இடம் என்றால், மானியம் மூன்று மாதம் தாமதமானால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நேராகக் கேளுங்கள்.

நம் தமிழ் ஆட்களுக்கு இன்னும் சில உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர், வெள்ளிக்கிழமையும் புரட்டாசி முழுவதும் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், திருநீறு இல்லாமல் காலையில் வெளியே வராதவர் என்பதையெல்லாம் எழுதுங்கள். இறைச்சிக் கறியைத் தள்ளிவைத்தவரை "சாப்பிட மறுக்கிறார்" என்று நோயறிகுறியாகப் பதிவுசெய்த தாள்கள் உண்டு. வயதான ஆவா (பாட்டி) ஒருவர் சோர்ந்திருக்கும்போது வீட்டுத் தமிழில் மட்டும் பேசுவார் என்றால், தண்ணீர், வலி, கழிப்பறை, பயம் ஆகிய நாலைந்து சொற்களை அங்குள்ள ஊழியர் உச்சரிக்கும்படி எழுதிக் கொடுங்கள். காவடிக்கோ மாரியம்மன் கஞ்சிக்கோ ஆண்டுதோறும் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தால் அந்தப் பொறுப்பை யார் எடுப்பார்கள் என்றும் பேசிவிடுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், மருந்து எங்கே பூட்டப்படும், முன்பு அடிதடி நடந்ததா, தனி அறை உண்டா? கிராண்ட் வரும் தேதியை மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டு, மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்காத மாமாக்களும் இருக்கிறார்கள். முதலில் ஒரு நாள், பிறகு ஓர் இரவு, பிறகு ஒரு வார இறுதி என்று அனுப்பிப் பாருங்கள். புதிய இல்லத்துக்கும் இதே முறைதான். பத்து வருடமாக ஒரே அறையில் தூங்கியவர்களைப் பிரிக்காமல் சேர்த்து அனுப்ப முடிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மாற்றும் நாள்

செவ்வாய் அல்லது புதன், காலைச் சாப்பாடும் காலை மருந்தும் முடிந்த பிறகு. மூடிய வாகனம், சீட் பெல்ட், தண்ணீர், ஒருவருக்கு அவர் நன்கறிந்த ஊழியர் ஒருவர். துணிமணியைக் கருப்புக் குப்பைப் பையில் கட்டாதீர்கள். பெட்டி வாங்கப் பணமில்லையென்றால் குடும்பங்களிடமும் கோயிலிலும் கேட்டால் பழைய பெட்டிகள் கிடைக்கும். கிளம்பும் முன் எடை, ரத்த அழுத்தம், தோலில் காயம் எதுவும் உண்டா என்று பார்த்து எழுதி, முகம் தெரியும் புகைப்படத்தை ஃபைலில் ஒட்டுங்கள். கூடப்போன ஊழியர் மதியச் சாப்பாடு வரை அங்கே இருந்து, மருந்தை மாத்திரை மாத்திரையாக எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

மறுநாள் போன். ஏழாம் நாள் நேரில். பிறகு 14, 30, 90ஆம் நாட்களில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57க்கு வந்தால், அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் இல்லத்தில் அவருடைய படுக்கையை முதல் 30 நாள் காலியாகவே வைத்திருங்கள். திரும்பி வர இடமில்லாத மாற்றத்தைச் சோதனை என்று சொல்ல முடியாது. அங்கே அடியோ பட்டினியோ கண்ணில் பட்டால் அதைத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை, எம்.எச்.சி.ஏ. 02 படிவம் அதற்குத்தான்.

ஊழியர்கள்

அறிவிப்பு வெளியானதும் முதலில் விலகுவது இரவு ஊழியர்கள். கடைசி மாதங்களில் புதியவர்களை வைத்து ஓட்டினால் மருந்துத் தவறுகள் அங்கேதான் நடக்கும். கடைசி நாள்வரை இருப்பவருக்குத் தனியாக ஒரு மாதச் சம்பளம் என்று எழுத்தில் கொடுங்கள். ஏஜென்சி நர்சுக்குக் கொடுப்பதைவிட இது மலிவு.

தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, ஆட்குறைப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போதே ஊழியர்களோடு கலந்துபேச வேண்டும். முடிவெடுத்துவிட்டு அறிவிப்பது கலந்துபேசியதாகாது, வழக்கு தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வார அறிவிப்பும், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளமும் உண்டு. வேலைச் சான்றிதழும், யூ.ஐ.எஃப்.க்கான (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) யூ.ஐ.-19 படிவமும் கடைசி நாளிலேயே கையில் கிடைக்கட்டும்.

காகிதமும் கட்டடமும்

இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவுசெய்த இல்லமானால், 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு நீக்கத்துக்குக் காரணத்தோடு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீக்கும் தேதி அறிவித்த நாளிலிருந்து இரண்டு மாதமாவது தள்ளி இருக்க வேண்டும். மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள வேறோர் இலாப நோக்கற்ற நிறுவனத்துக்குத்தான் போகும். குழு உறுப்பினர்கள் பங்குபோட்டுக்கொள்ள முடியாது, வேனையும்கூட. நீர், மின் கணக்குகளை மூட நகராட்சிக்குக் கடைசி மீட்டர் அளவைப் புகைப்படத்தோடு கொடுங்கள். மிஞ்சிய மருந்தைச் சாக்கடையில் கொட்டாமல், கட்டுப்பாடு அதிகமுள்ள அட்டவணை 5, 6 மருந்துகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ணி, மருத்துவமனை மருந்தகத்தில் கையெழுத்துக்கு ஒப்படையுங்கள். மெத்தைகளைத் தானமாகக் கொடுக்கும் முன் மூட்டைப்பூச்சி பாருங்கள். கொடுத்த இடத்தில் பேர் கெட்டுவிடும்.

மருத்துவப் பதிவுகள் ஆறு ஆண்டு கழித்து அழிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மனநலக் காரணத்தால் தானே முடிவெடுக்க இயலாதவரின் பதிவுகளை அவர் உயிரோடிருக்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்பதே சுகாதாரத் தொழில்முறைக் கவுன்சிலின் வழிகாட்டல். மூல ஃபைலை யார் காப்பார்கள் என்று முடிவுசெய்து, நகலைப் புதிய இடத்துக்குக் கொடுத்து, மூலம் இருக்கும் முகவரியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதி அனுப்புங்கள். இல்லத்து போன் எண்ணை உடனே துண்டிக்காமல், ஒரு வருடத்துக்குக் குழுவில் ஒருவருடைய கைப்பேசிக்குத் திருப்பிவிடுங்கள். பல வருடம் எட்டிப்பார்க்காத தம்பி ஒருவர் திடீரென்று ஒரு தீபாவளிக்கு அழைத்து அண்ணன் எங்கே என்று கேட்பார். அப்போது போனை எடுப்பவரிடம், யார் எங்கே போனார் என்ற பட்டியல் இருக்க வேண்டும். கேட்பவர் யார் என்று உறுதி செய்யாமல் முகவரியைச் சொல்லக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.